நிரந்தர முகவரி

திருப்பூர் வேலம்பாளையத்திலிருந்து நேர்கோடு போட்டால் டீகோ கார்சியா ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர். வடக்கே டெல்லி எவ்வளவு தூரமோ, தெற்கே கடலுக்குள் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். அந்தத் தூரத்தை ரயிலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து கடந்துதான் எங்கள் கம்பெனிப் பையன்கள் பாதிப்பேர் வேலைக்கு வருகிறார்கள். டீகோ கார்சியாவுக்கு மட்டும் அப்படி யாரும் போய்விட முடியாது. பயணிகள் கப்பல் இல்லை, பயணிகள் விமானம் இல்லை. அனுமதிக் கடிதம் உள்ளவர்தான் இறங்கலாம். அது பட்டாளத்துக்கும், பட்டாளத்துக்கு வேலை செய்பவர்களுக்கும், அதிகாரிகளுக்கும்தான் கிடைக்கும்.

பூமத்திய ரேகைக்கு 7 பாகை தெற்கே இருக்கிறது. நம் மேற்குக் கரைக்கு அப்பால் லட்சத்தீவு, அதற்குக் கீழே மாலத்தீவு, அதற்கும் கீழே சுமார் 500 கிலோமீட்டர் வெறும் கடல். பிறகு சாகோஸ் தீவுக்கூட்டம். ஏழு பவளத்திட்டுகளும் அறுபதுக்குச் சற்றுக் குறைவான தீவுகளும் சேர்ந்த அந்தக் கூட்டத்தில் பெரியது டீகோ கார்சியா. பெரியது என்றாலும் மொத்த நிலமே 30 சதுர கிலோமீட்டருக்குள்தான். கட்டிங் மேசையில் வெட்டிப் போட்ட எலாஸ்டிக் நாடா, இரண்டு நுனியும் சேராமல் வளைந்து கிடப்பதைப் போன்ற நிலம். நாடாவின் நீளம் 60 கிலோமீட்டருக்கு அருகில். அகலம் சில இடங்களில் ஒரு தெருவளவு. உயரம் பெரும்பாலும் ஓர் ஆளுயரம்கூட இல்லை. நடுவில் அமைதியான காயல், வெளியே ஆழ்கடல். வடக்கே நுனிகள் சேராத வாயில் மூன்று குட்டித் தீவுகள். இந்து மகாசமுத்திரத்தின் நடுவில் பெரிய கப்பல்கள் ஒதுங்கி நிற்க இப்படி ஓர் இடம் வேறு எங்கும் சுலபத்தில் அகப்படாது. அந்தத் தீவுக்கு நேர்ந்தது எல்லாவற்றுக்கும் அந்தக் காயலே காரணம்.

*

இந்தத் தீவின் அடிக்கல் எப்படி வந்தது என்று படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு தெற்கே இருந்தது. பூமிக்குள்ளிருந்து ஓரிடத்தில் ஓயாமல் எரிமலைக் குழம்பு பொங்கிக்கொண்டிருந்தது. இந்தியா அதன் மேலே நகர்ந்து வந்தபோது அந்தக் குழம்பு பரவி இறுகியதுதான் தக்காணத்துக் கருங்கல் அடுக்கு. தட்டு வடக்கே நகர நகர, அதே பொங்குவாய் லட்சத்தீவின் அடித்தளத்தையும் மாலத்தீவின் அடித்தளத்தையும் போட்டது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் சாகோஸின் அடித்தளமும் விழுந்தது. மொரீஷியஸ் பிறந்ததும் அதில்தான். இன்றைக்கும் ரீயூனியன் தீவில் எரிந்துகொண்டிருப்பது அதே அடுப்பு.

தக்காணத்துக் கருங்கல் உதிர்ந்துதான் மகாராஷ்டிரத்தின் கரிசல் மண் உண்டாயிற்று. அந்தக் கரிசலில்தான் பருத்தி விளைகிறது. அந்தப் பஞ்சு நம் பக்கத்து மில்களில் நூலாகி, கோன் கோனாக வேலம்பாளையத்து நிட்டிங் கம்பெனிகளில் வந்து இறங்குகிறது. ஆக, நான் தினமும் தொட்டு எண்ணுகிற துணிக்கும், கண்ணால் காணாத அந்தத் தீவுக்கும் ஒரே நெருப்பில் பிறப்பு.

எரிமலைத் தீவு மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழும்போது, அதன் விளிம்பில் பவளப்பூச்சிகள் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே கட்டிக்கொண்டே போகும். மலை மறைந்த பிறகும் விளிம்பு நிற்கும். இப்படித்தான் பவளத்திட்டுகள் உருவாகின்றன என்று 1842இல் புத்தகம் எழுதிச் சொன்னவர் டார்வின். அவர் சாகோஸுக்குப் போனவரில்லை. 1837இல் அங்கே கடலளந்த மோர்ஸ்பி என்ற கப்பல் தலைவரின் கணக்குகளை வைத்து, நீரில் மூழ்கிக் கிடக்கும் பெரிய சாகோஸ் திட்டைப் பற்றி எழுதினார். உலகத்துப் பவளத்திட்டு அமைப்புகளில் மிகப் பெரியது அதுதான்.

*

தண்ணீர். நொய்யல் கரையில் இருப்பவனுக்கு எந்த ஊரைப் பற்றிப் படித்தாலும் முதலில் இந்தக் கேள்விதான் வருகிறது. ஆறு இல்லை, ஓடை இல்லை, மலை இல்லை. பிறகு அந்தத் தீவில் மனிதர்கள் எப்படிக் குடித்தார்கள்?

மழைதான். வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. திருப்பூர் பார்க்கும் மழையைப் போல மூன்று, நான்கு மடங்கு. அந்த மழை பவள மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீர் கனம். இரண்டும் கலக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. அளவோடு இறைத்தால் காலமெல்லாம் இனிக்கும். பேராசையோடு உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். இப்போது அங்கிருக்கும் அமெரிக்கப் படைத்தளமும் இந்தத் தண்ணீரைத்தான் இறைக்கிறது. 1991இல் விமான எரிபொருள் கசிந்து இந்த நீரின் ஒரு பகுதி கெட்டது. அதைச் சுத்தம் செய்யப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது எங்கள் ஊர் எதை எண்ணிப் பயந்ததோ, அது அங்கே ஒரு கையகல நிலத்தில் நடந்தது. எங்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்தும் பவானியிலிருந்தும் குழாய் வருகிறது. நடுக்கடலில் எந்தக் குழாய் வரும்?

*

1780களில் பிரெஞ்சுக்காரர்கள் மொரீஷியஸிலிருந்து அடிமைகளைக் கொண்டுபோய் இறக்கித் தென்னை வைத்தார்கள். பெரும்பாலும் மொசாம்பிக், மடகாஸ்கர் மக்கள். 1786இல் பம்பாயிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆள் அனுப்பிப் பார்த்துச் சில மாதங்களில் திரும்பிவிட்டது. அப்போது தீவை அளந்து படம் வரைந்தவர் ஆர்ச்சிபால்ட் பிளேர். மூன்றாண்டு கழித்து அந்தமானை அளக்கப் போனவரும் அவரே. போர்ட் பிளேர் என்று பெயர் நிலைத்தது அவரால்தான். 1814 பாரிஸ் உடன்படிக்கையில் மொரீஷியஸோடு சேர்ந்து சாகோஸும் பிரிட்டன் கைக்குப் போயிற்று. 1835இல் அடிமைமுறை ஒழிந்தது. அதன் பிறகு இந்தியாவிலிருந்து கப்பலேறிய கூலிகளும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் தென்னிந்தியர்களும் உண்டு. இவர்கள் எல்லாரும் கலந்து, ஒரு கிரியோல் மொழி பேசி, ஒரே மக்களானார்கள்.

அவர்களுடைய வேலை கொப்பரை. கொப்பரை என்றதும் எனக்குக் காங்கேயம் கண்முன் வந்துவிடும். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வெயில் காலத்தில் அந்தக் களங்களைப் பார்க்க வேண்டும். உடைத்த மூடிகளை வானத்தைப் பார்க்க மல்லாத்திப் பரப்பியிருப்பார்கள், கண் எட்டுகிற வரை வெள்ளை. இரண்டு, மூன்று வெயில் பட்டதும் பருப்பு சுருங்கித் தொட்டியிலிருந்து விலகத் தொடங்கும். பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து, இடதுகையில் மூடி, வலதுகையில் கத்தி. தொட்டிக்கும் பருப்புக்கும் நடுவே கத்தியை விட்டு ஒரே திருகு, பருப்பு முழுசாகக் கழன்று விழும். தொட்டி ஒரு பக்கம் குவியும், பருப்பு ஒரு பக்கம் குவியும். எண்ணெய் வாசமும் இலேசான புளிப்பு வாசமும் சேலையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். மழை இருட்டினால் களமே எழுந்து ஓடும், தார்ப்பாய் இழுத்து மூட.

டீகோ கார்சியாவிலும் இதேதான். ஆண்கள் காய் பொறுக்கி, தரையில் நட்ட கூர்முனையில் மட்டை உரிப்பார்கள். பெண்கள் உடைத்துப் பருப்பெடுப்பார்கள். ஒரு நாளைக்கு இத்தனை காய் என்று கணக்கு. கணக்கு முடிந்தால் அன்றைய நாள் அவர்களுடையது. மதியத்துக்கு மேல் மீன் பிடிப்பார்கள், கோழி வளர்ப்பார்கள், தோட்டம் பார்ப்பார்கள். கூலியில் ஒரு பங்கு அரிசியாகவும் எண்ணெயாகவும் பருப்பாகவும் வரும். எண்ணெய்ச் செக்கைக் கழுதைகள் சுற்றின. அந்தக் கழுதைகளின் வம்சம் காட்டுக்கழுதையாகி இன்றும் தீவில் திரிகிறது. மொரீஷியஸ் தெருவிளக்குகள் ஒரு காலத்தில் இந்த எண்ணெயில்தான் எரிந்தன. சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். நிலம் முழுவதும் கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, தண்டனையும் கம்பெனி மேலாளர் கையில். ஆனாலும் ஐந்து தலைமுறை பிறந்து, கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, கல்யாணம் கட்டி, செத்துப் புதைந்தது அந்த மண்ணில்.

*

நம் ஊருக்குத் தெரிந்த கப்பல் ஒன்று அங்கே போயிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன், அக்டோபர் 9 அன்று டீகோ கார்சியா காயலுக்குள் நுழைந்தது. மாதக்கணக்காகக் கப்பல் எதுவும் வராததால், உலகப் போர் தொடங்கியதே தீவில் யாருக்கும் தெரியாது. வந்திருப்பது எதிரிக் கப்பல் என்றும் தெரியாது. ஜெர்மன் மாலுமிகள் சொல்லவும் இல்லை. கரி ஏற்றிக்கொண்டார்கள், கப்பலின் அடிவயிற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், தீவு மேலாளரின் பழுதான மோட்டார் படகைச் சரிசெய்து கொடுத்தார்கள். தீவுக்காரர்கள் மீனும் பழமும் கொடுத்து அனுப்பினார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவருகே எம்டன் அழிந்தது.

உலகமே பற்றி எரிந்த நேரத்தில் ஒரு தீவு விருந்தாளிக்கு மீன் கொடுத்தது. அறியாமைதான், ஆனால் அதில் எனக்கு ஏளனம் எழவில்லை, மரியாதைதான் எழுகிறது.

*

எனக்குக் கம்பெனியில் டைம் ஆபீஸ் வேலை. ஆள் சேர்க்கும்போது பதிவேட்டில் இரண்டு முகவரி எழுத வேண்டும், தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி. தற்போதைய முகவரி எல்லாருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வேலம்பாளையத்தில் ஏதோ ஒரு லைன் வீடு, காம்பவுண்டுக்காரர் பெயர், கதவு எண்.

செக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். வேலம்பாளையம் தனி நகராட்சியாக இருந்த காலத்திலேயே வந்துவிட்டார். அது மாநகராட்சியோடு சேர்ந்ததையும் பார்த்தார். இரண்டு பெண்களையும் இங்கேயே கட்டிக்கொடுத்தார், புருஷனை இங்கேதான் எரித்தார். நிரந்தர முகவரியில் இன்னும் அந்தக் கிராமத்துப் பெயர்தான் இருக்கிறது.

“அங்கிட்டு வீடே இல்ல சார், சுவருதேன் நிக்குது. ஆனாலும் அதத்தேன் எழுதணும்னாங்க, எழுதிட்டேன்” என்றார்.

பேக்கிங்கில் ஒடிசாக்காரர். அவருடைய பையன் இங்கே மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படிக்கிறான். “ஊருக்குப் போனா பையன் ரெண்டே நாள்ல அழுவுறான் அண்ணா, எப்ப வீட்டுக்குப் போலாம்னு கேக்குறான். அதுதான்டா வீடுன்னு சொன்னா நம்பமாட்டேங்குறான்” என்று சொல்லிச் சிரித்தார்.

டீகோ கார்சியா கதையில் என்னை உலுக்கியது குண்டுவீச்சு விமானங்கள் இல்லை. இந்த முகவரிக் கட்டம்தான்.

*

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை இந்து மகாசமுத்திரத்தில் ஓர் இடம் தேடியது. பிரிட்டன் தர ஒப்புக்கொண்டது. 1965 நவம்பர் 8 அன்று மொரீஷியஸிலிருந்து சாகோஸையும், சேஷெல்ஸிலிருந்து மூன்று தீவுகளையும் பிய்த்து, பிரிட்டிஷ் இந்து மகாசமுத்திரப் பிரதேசம் என்ற புதிய குடியேற்றத்தை உண்டாக்கினார்கள். உலகம் முழுவதும் குடியேற்றங்கள் விடுதலையாகிக்கொண்டிருந்த நேரத்தில் புதிதாக ஒன்று. மொரீஷியஸுக்கு 30 லட்சம் பவுன் கொடுத்தார்கள். விடுதலை கிடைக்க வேண்டுமானால் இதற்குத் தலையாட்ட வேண்டும் என்ற நெருக்கடியில் அது வாங்கிக்கொண்டது. 1966 டிசம்பர் 30 அன்று பிரிட்டனும் அமெரிக்காவும் கடிதம் மாற்றிக்கொண்டன. 50 ஆண்டு உபயோகம், வேண்டுமானால் இன்னும் 20. வெளியே சொல்லப்பட்ட குத்தகைத் தொகை எதுவும் இல்லை. உள்ளே, போலாரிஸ் ஏவுகணைக்காக பிரிட்டன் கட்ட வேண்டிய தொகையில் 1.4 கோடி டாலர் தள்ளுபடி.

முதலில் ஆல்டாப்ராத் தீவும் பேச்சில் இருந்தது. அங்கே ராட்சத ஆமைகள் வாழ்கின்றன என்று விஞ்ஞானிகள் போர்க்கொடி தூக்கினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. நல்ல காரியம், ஆமைகள் பிழைத்தன. டீகோ கார்சியாவில் மனிதர்கள் இருந்தார்கள்.

அதுதான் சிக்கல். நிரந்தரக் குடிமக்கள் இருக்கிறார்கள் என்றால் ஐக்கிய நாடுகள் சபைக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், அவர்களைக் கேட்க வேண்டும். லண்டன் அலுவலகங்களில் 1966இல் எழுதிய குறிப்புகள் பிற்பாடு வழக்குகளில் வெளிவந்தன. கடற்பறவைகளைத் தவிர அந்தத் தீவுக்குப் பூர்வகுடி யாரும் மிஞ்சக்கூடாது என்ற பொருளில் ஓர் உயர் அதிகாரி எழுதியிருக்கிறார். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. அங்கிருப்பவர் எல்லாரும் தோட்டக் கம்பெனியின் ஒப்பந்தக் கூலிகள், வந்துபோகிறவர்கள், ஊர் வேறு எங்கோ இருக்கிறது என்று எழுதிவிடுவது.

இதில் முழுப் பொய் இல்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். ஒப்பந்தங்கள் இருந்தன. மொரீஷியஸிலிருந்தும் சேஷெல்ஸிலிருந்தும் வந்து, தவணை முடிந்து திரும்பியவர்கள் இருந்தார்கள். அந்தக் கால் பங்கு உண்மையை எடுத்து, பாட்டன் பூட்டன் கல்லறைக்குப் பூ வைக்கிறவர்கள் மேலும் போர்த்தினார்கள். கடிதத்தில் நிரந்தரம் இல்லை என்று எழுதிய பிறகு, அந்த எழுத்தை மெய்யாக்குவது மட்டும்தான் பாக்கி.

1967இல் தோட்டங்களை அரசே 6,60,000 பவுனுக்கு வாங்கியது. 1968 முதல், வைத்தியத்துக்கும் உறவைப் பார்க்கவும் மொரீஷியஸ் போனவர்கள் திரும்பக் கப்பலேற முடியவில்லை. ரீட்டா பான்கூல் என்ற தாய், சுகமில்லாத மகளை எடுத்துக்கொண்டு வந்தவர். மகள் இறந்துபோனாள். ஊர் திரும்பக் கேட்டபோது தீவை விற்றாயிற்று என்று பதில் வந்தது. மிச்சமிருந்தவர்களுக்குக் கப்பல்கள் குறைந்தன, அரிசியும் மருந்தும் குறைந்தன. 1971 ஜனவரியில் அமெரிக்கக் கட்டுமானப் படையின் முன்குழு இறங்கியது, மார்ச்சில் பெரும்படை. ஏப்ரல் 16 அன்று, அனுமதியில்லாமல் தீவில் இருப்பதே குற்றம் என்று சட்டம் வந்தது.

வளர்ப்பு நாய்களைப் பற்றி எழுதாமல் விட மனமில்லை. வீடு வீடாக இருந்த நூற்றுக்கணக்கான நாய்களைச் சுட்டார்கள், விஷம் வைத்தார்கள். முடியாதபோது இறைச்சித் துண்டு காட்டி, கொப்பரை காய்ச்சும் அடுப்பு அறைக்குள் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டார்கள். வெளியே குழந்தைகள் நின்றிருந்தார்கள். அடுத்தது நாம்தானோ என்று பெரியவர்கள் பயந்ததாகப் பின்னாளில் சாட்சியம் சொன்னார்கள்.

ஒரு பெட்டியும் ஒரு பாயுமாகக் கப்பலேற்றப்பட்டார்கள். டீகோ கார்சியா 1971இலேயே காலியானது. பக்கத்து சாலமன், பெரோஸ் பான்யோ திட்டுகள் 1973 மே மாதத்துக்குள். மொத்தம் 1,500க்கும் 2,000க்கும் இடையில். கடைசியாக வந்தவர்கள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்க மறுத்து உட்கார்ந்தார்கள். தென்னை தவிர வேறு தொழில் தெரியாதவர்களுக்கு, தென்னை வேலை இல்லாத நகரத்தின் குப்பத்தில் இடம் கிடைத்தது.

*

காலியான தீவில் 12,000 அடி ஓடுபாதை எழுந்தது. பவளப்பாறையை வெட்டி அரைத்தே அதைப் போட்டார்கள். காயலை ஆழப்படுத்தினார்கள். 1991 வளைகுடாப் போர், 2001 ஆப்கானிஸ்தான், 2003 ஈராக் என்று ஒவ்வொரு முறையும் பி-52 விமானங்கள் அங்கிருந்து கிளம்பின. 1971 டிசம்பரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் முயற்சியால் இந்து மகாசமுத்திரத்தை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானம் ஐ.நா.வில் நிறைவேறியது, இந்தியாவும் துணை நின்றது. தளம் அதற்குப் பிறகுதான் பெரிதாக வளர்ந்தது.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைத் தரையிலிருந்து கண்காணிக்க ஆரம்பத்தில் அமைத்த ஐந்து நிலையங்களில் ஒன்று டீகோ கார்சியா. பெட்டி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்பும் டிரைவர் செல்போனில் வழி போடுகிறார். அவர் எங்கே இருக்கிறார் என்று பிசகாமல் காட்ட அந்தத் தீவும் உழைக்கிறது. அங்கே பிறந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று மட்டும் எந்தக் கருவியும் காட்டவில்லை.

*

அந்தக் கடலைத் தமிழர்களில் நன்றாக அறிந்தவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். மீன் போகும் போக்கில் சாகோஸ் எல்லைக்குள் போய்ப் பிடிபட்டு, அபராதம் கட்டி, படகையும் பறிகொடுத்துத் திரும்பிய கதைகள் அந்தக் கரையில் உண்டு. 2010 ஏப்ரல் 1 அன்று பிரிட்டன் அந்தக் கடலை மீன்பிடிக்கத் தடைசெய்த பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. ஏறத்தாழ 6,40,000 சதுர கிலோமீட்டர். பவளத்தைக் காக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இப்படி அறிவித்தால் தீவு மக்கள் திரும்பிவர முடியாது என்று அதிகாரிகள் பேசிக்கொண்டது விக்கிலீக்ஸில் வெளிவந்தது. 2015இல் சர்வதேச நடுவர் மன்றம் அந்த அறிவிப்பு சட்டத்துக்கு மாறானது என்றது.

2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர் 89 பேர், குழந்தைகளோடு, ஒரு மீன்பிடிப் படகில் கனடாவை நோக்கிப் போகும் வழியில் படகு பழுதாகி, பிரிட்டிஷ் கடற்படையால் டீகோ கார்சியாவில் கரையேற்றப்பட்டார்கள். அரைநூற்றாண்டுக்குப் பிறகு அந்தத் தீவில் குடும்பமாக மனிதர்கள், அதுவும் தமிழ் பேசுகிறவர்கள். கால்பந்து மைதானமளவு வேலிக்குள் கூடாரங்கள், காவலர்கள், எலிகள். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள் சிலர், சிகிச்சைக்கென்று ருவாண்டாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் சிலர். அகதிகள் ஒப்பந்தம் இந்தப் பிரதேசத்துக்குப் பொருந்தாது என்பது பிரிட்டனின் வாதம். ஆளில்லாத தீவு என்று ஒருமுறை எழுதிய எழுத்து, பிற்பாடு வந்து சேர்ந்த ஆட்களையும் எப்படிப் பிடித்துக்கொள்கிறது பாருங்கள்.

எங்கள் பக்கத்து யூனிட்டுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் அம்மா ஒருவர் ஓவர்லாக் தைக்கிறார். அந்தச் செய்தி வந்த நாட்களில் அவர் போனில் எல்லாம் பார்த்திருந்தார். “தம்பி, சிறையெண்டா எப்ப விடுவினமெண்டு ஒரு தேதி இருக்கும். முகாமுக்கு அது இல்லை” என்றார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து நூல் பிசிறு வெட்டத் தொடங்கினார். அவருடைய பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். அவர்களுடைய நிரந்தர முகவரிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

2024 செப்டம்பரில் அந்தத் தீவிலேயே நீதிமன்றம் கூடியது. டிசம்பர் 16 அன்று நீதிபதி மார்கரெட் ஓபி, அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். அதற்குள் பெரும்பாலோரைப் பிரிட்டனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள்.

*

சாகோஸ் மக்கள் சும்மா இருக்கவில்லை. பெண்கள்தான் முதலில் தெருவில் இறங்கினார்கள். ஷார்லேசியா அலெக்சிஸ், லிசெட் தலாத் போன்றவர்கள் போர்ட் லூயிஸில் உண்ணாவிரதம் இருந்தார்கள், போலீஸ் அடி வாங்கினார்கள். ரீட்டாவின் மகன் ஒலிவியே பான்கூல் லண்டனில் வழக்குப் போட்டு 2000 நவம்பர் 3 அன்று வென்றார். 2004இல் அரசியின் ஆணை ஒன்று அந்த வெற்றியைத் துடைத்தது. 2008இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த ஆணை செல்லும் என்றார்கள். 2006 ஏப்ரலில் சுமார் நூறு பேரைக் கல்லறைகளைப் பார்த்துவர மட்டும் கப்பலில் அழைத்துப் போனார்கள். கல்லறையின் மேல் முளைத்ததைக் கையால் பிடுங்கிச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பக் கப்பலேறினார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்த பலர் இப்போது லண்டனுக்குத் தெற்கே, கேட்விக் விமான நிலையத்தை ஒட்டிய கிராலியில் வாழ்கிறார்கள்.

2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்ததால் மொரீஷியஸின் விடுதலை சட்டப்படி நிறைவாகவில்லை, பிரிட்டன் விரைவில் வெளியேற வேண்டும் என்று கருத்துரைத்தது. மே 22 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் ஆமோதித்தன, இந்தியாவும் அதில் ஒன்று. எதிர்த்தவை 6. அதன் பிறகுதான் பேச்சுவார்த்தை வந்தது. சாகோஸின் இறையாண்மை மொரீஷியஸுக்கு, டீகோ கார்சியா 99 ஆண்டு குத்தகைக்கு. மற்ற தீவுகளில் மக்களைக் குடியமர்த்த மொரீஷியஸுக்கு உரிமை உண்டு, டீகோ கார்சியாவில் கிடையாது என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. பேசியது இரண்டு அரசுகள். தீவு மக்களுக்கு அந்த மேசையில் நாற்காலி போடவில்லை. அவர்களுக்குள்ளேயே ஒப்பந்தத்தை வரவேற்றவர்களும் உண்டு, துரோகம் என்றவர்களும் உண்டு.

கையெழுத்துக்குக் குறித்த நாள் 2025 மே 22. முந்தைய இரவே, டீகோ கார்சியாவில் பிறந்த பெர்னதெத் துகாஸ், பெர்த்ரிஸ் போம்ப் என்ற இரண்டு பெண்கள், எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரைப் பற்றி முடிவு செய்யாதீர்கள் என்று லண்டன் உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். அதிகாலை 2.25க்கு நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். காலையில் நடக்கவிருந்த நிகழ்ச்சி நின்றது. நண்பகல் வாக்கில் வேறொரு நீதிபதி தடையை நீக்கினார். அன்று பிற்பகலே பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டார்மர் கையெழுத்திட்டார். ஐந்து தலைமுறை அங்கே இருந்ததாக ஏற்றுக்கொள்ளப்படாத மக்கள், இரண்டு அரசாங்கங்களைச் சில மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள்.